தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்: வாசகர் கேள்வி பதில்

மடக்கு மின்சைக்கிளை ரயிலிலோ பேருந்திலோ உடன் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்வர முடியுமா என்று கேட்டு மதுரையிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் விவரமாக எழுதப்பட்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, நான் திண்டுக்கல்லில் குடியிருக்கிறேன். மதுரை கே.கே. நகரில் உள்ள ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து திண்டுக்கல் ரயில் நிலையம் 3 கிலோமீட்டர். மதுரையில் இறங்கியபின் அலுவலகம் சுமார் 5 கிலோமீட்டர். ரயிலில் கழியும் நேரத்தைவிட, ஷேர் ஆட்டோ நிறையும்வரை காத்திருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. மடக்கு மின்சைக்கிள் வாங்கினால் இரண்டு பக்கமும் உதவும் என்று மகன் சொல்கிறான். எனக்கு வயது 44. ரயிலில் அனுமதிப்பார்களா? என்னால் சமாளிக்க முடியுமா?

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான், ஆனால் அவர் பார்த்திருக்கும் வண்டி எத்தனை கிலோ என்பதை முதலில் கேளுங்கள். நான் முதன்முதலில் வாங்கிய மடக்கு மின்சைக்கிளைக் கடை வாசலில் ஓட்டிப் பார்த்து, மோட்டார் இழுத்த இழுப்பில் மயங்கி, அன்றே பணத்தைக் கட்டினேன். அதன் எடை 24 கிலோ என்பது அட்டையில் அச்சிட்டிருந்தது; அதைப் படிக்கவும் செய்தேன். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது மறுநாள் காலை ரயில் நிலையத்து நடைமேம்பாலப் படிகளில்தான் விளங்கிற்று. பாதிப் படி ஏறுவதற்குள், காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பாதிகளும் பிரிந்தன; பெடல் முழங்காலுக்குக் கீழே இடித்தது; சங்கிலியின் கருப்பு எண்ணெய் சட்டையில் கோடு போட்டது. பின்னால் வந்த கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போயிற்று. மூன்று மாதத்தில் அந்த வண்டியை விற்றேன்.

ஆகவே இந்த வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன் தூக்கிப் பார்க்க வேண்டும். கடையில் மடக்கச் சொல்லி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அங்கே மாடிப்படி இருந்தால் இருபது படி ஏறிப் பாருங்கள். கடைக்காரர் வேடிக்கையாகப் பார்ப்பார், பார்க்கட்டும். நம் சந்தையில் குறைந்த விலையில் கிடைக்கும் 20 அங்குலச் சக்கர வண்டிகள் பெரும்பாலும் 18 முதல் 25 கிலோ வரை இருக்கின்றன. என் கணக்கில், தினமும் இரண்டு நிலையங்களில் ஏறி இறங்குபவருக்கு 17 கிலோவுக்கு மேல் உள்ள எதுவும் சைக்கிள் அல்ல, சுமை. பேட்டரியைக் கழற்றித் தோள்பையில் போட்டுக்கொள்ள முடிகிற வண்டியாக இருந்தால் கையில் இரண்டு மூன்று கிலோ குறையும். இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

எடையைக் குறைக்க இன்னொரு வழி, சிறிய பேட்டரியோடு நிறைவடைவது. உங்களுக்குப் போகவர மொத்தம் 16 கிலோமீட்டர்தான் ஆகிறது. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் 360 வாட்-மணி இருக்கும். மிதித்துக்கொண்டே மோட்டார் துணையோடு போகிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வாட்-மணி செலவாகும் என்று வைத்துக்கொண்டால், அது 24 முதல் 36 கிலோமீட்டர் வரை வரும். உங்களுக்கு 7.5 ஆம்பியர்-மணியே போதும். "ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர்" என்னும் விளம்பரத்துக்காகப் பெரிய பேட்டரியை வாங்கினால், ஓட்டாத தூரத்தின் எடையைத் தினமும் படியேற்றிக்கொண்டிருப்பீர்கள்.

இனி ரயில் விதிக்கு வருவோம். இரண்டாம் வகுப்பில் சாதாரணப் பயணச்சீட்டுக்கு 35 கிலோ வரை கட்டணமின்றிச் சாமான் எடுத்துச் செல்லலாம். ஆகவே எடை தடையாகாது. சீசன் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகை அவ்வளவு இல்லை. நீங்கள் சீசன் டிக்கெட்டில் போவதாக இருந்தால், வண்டி வாங்குவதற்கு முன்பே திண்டுக்கல் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி படுக்கைக்கு ரயில்வே வைத்திருக்கும் அளவு 100 சென்டிமீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். 20 அங்குலச் சக்கர வண்டியை மடக்கினால் நீளம் 80, 90 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்; ஆனால் தடிமன் 35 சென்டிமீட்டருக்குக் குறைவதில்லை. சட்டத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கிற ஒரு பரிசோதகர் எதிர்ப்பட்டால் பேச்சு வளரும். 16 அங்குலச் சக்கர வண்டிகள் இந்த அளவை நெருங்கி வருகின்றன. ஒரு பழைய துணி உறை தைத்து மூடிக்கொண்டால் பேச்சு பாதியாகக் குறைகிறது என்பது என் அனுபவம். பக்கத்தில் நிற்பவர் புடவையில் எண்ணெய் படாது என்பது அதன் உண்மையான பயன்.

பெட்டியில் ஏறியதும் வண்டியை வழியிலோ கதவருகிலோ நிறுத்தாதீர்கள். பெட்டியின் கோடியில், திறக்காத பக்கத்துச் சுவரோடு சாய்த்து, ஒரு பட்டையால் கம்பியில் கட்டிவிடுங்கள். மேலே சாமான் தட்டில் ஏற்ற நினைக்கவே வேண்டாம். சோழவந்தான் வரும்போது கூட்டம் கூடும். அதற்கு முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். மதுரையில் இறங்கிச் சிம்மக்கல், யானைக்கல் வழியாக வைகையைக் கடந்து கே.கே. நகர் போக இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். காலை நேரத்துக் கோரிப்பாளையம் நெரிசலையும் சேர்த்தே சொல்கிறேன்.

இவ்வளவும் படித்தபின் தயக்கமாக இருந்தால், இன்னொரு வழியையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் உங்கள் ஸ்கூட்டரை நிலையத்து நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு வாருங்கள். மதுரை நிலையத்தில் ஒரு பழைய சாதாரண சைக்கிளை மாதச் சீட்டுப் போட்டு நிறுத்திவையுங்கள். எதையும் தூக்க வேண்டியதில்லை. மடக்கு வண்டியின் சிறப்பு இரண்டு முனையிலும் ஒரே வண்டி என்பதும், அலுவலக மேசைக்கடியில் பூட்டே இல்லாமல் பத்திரமாக இருக்கும் என்பதும்தான். அந்தச் சிறப்பு உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும்.

கேள்வி: இதற்கு ஓட்டுநர் உரிமமும் பதிவு எண்ணும் தேவையா? கடையில், கூடுதலாகக் கொஞ்சம் பணம் தந்தால் வேகத்தை 40 வரை ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். நான் நாகமலை புதுக்கோட்டையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவன்.

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள்ளும் இருக்க வேண்டும்; தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிதிருப்பிகளும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி அது மோட்டார் வாகனமே ஆகாது. உரிமம், பதிவு, காப்பீடு எதுவும் வேண்டியதில்லை. வேகத்தை 40-க்கு ஏற்றிய அந்த நிமிடமே அது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. தேனிச் சாலையில் யார்மீதாவது மோதினால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும், கடைக்காரர் அங்கே வந்து நிற்கமாட்டார். சட்டம் கேட்காவிட்டாலும் தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பெரிய சக்கரத்தைப் போல ஏறி வராது. நின்றுவிடும், ஆள்தான் முன்னால் போவார்.

கேள்வி: மதுரை பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் வீடு, கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. திருமங்கலம் டவுன் பஸ்ஸில் மடக்கு சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், கப்பலூரில் இறங்கி உள்ளே ஓட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். நடத்துநர்கள் ஏற்றிக்கொள்வார்களா?

பதில்: மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏற்றிக்கொள்வார்கள். காலை எட்டு மணிக்கு ஏற்றிக்கொண்டால், அந்த நடத்துநர் உங்களுக்கு உறவினராக இருக்க வேண்டும்.

நான் ஒருமுறை முயன்றேன். பின்படியில் ஒரு காலை வைத்து வண்டியை மேலே தள்ளியபோது, நடத்துநர் பயணச்சீட்டுக் கற்றையை விரலால் தட்டிக்கொண்டே, "என்னண்ணே இது, இத வச்சா நாலு பேரு நிக்கிற எடம் போயிருமே. லக்கேஜ் டிக்கெட்டு போட்டாலும் நான் அந்த நாலு பேர எங்க வைக்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நியாயமாகச் சொன்னார். நான் இறங்கிக்கொண்டேன். அவர் பேச்சுக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

புறநகர் ரயில் பெட்டியையும் டவுன் பஸ்ஸையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பதுதான் இந்த வண்டியை விற்பவர்கள் செய்கிற தவறு. பேருந்தில் படி உயரம், வழி குறுகல், பிரேக் பிடித்தால் சாமான் உருளும். தாழ்தளப் பேருந்து வந்தால் ஏறுவது எளிது. அப்போதும் சக்கர நாற்காலிக்காக ஒதுக்கிய இடத்தை நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு மடக்கு வண்டி வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. பெரியார் நிலையத்திலிருந்து கப்பலூர் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருப்பதால், 26 அங்குலச் சக்கரம் உள்ள மடக்காத மின்சைக்கிளில் நேராகவே போய்விடலாம். ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் நான்கு வழிச்சாலையின் ஓரத்தில் சைக்கிளில் போவது எனக்குப் பிடிக்காத காரியம். திருப்பரங்குன்றம், திருநகர் வழியாகப் பழைய சாலையில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போங்கள். அல்லது பேருந்திலேயே போய், கப்பலூரில் இறங்கும் இடத்துக்கு அருகே தெரிந்த கடையொன்றில் ஒரு சைக்கிளை நிறுத்திவையுங்கள். டீ குடிக்கும் கடையாக இருந்தால் வாடகையும் கேட்கமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் வீடு மாசி வீதிக்கு அருகே ஒரு குறுகிய சந்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. மகள் மின்சைக்கிளை இரவில் வரவேற்பறையில் சார்ஜ் போடுகிறாள். பேட்டரி வெடிக்கும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். சித்திரை வெயிலில் இது தாங்குமா? பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்தித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார், விலை பாதிதான். எது நல்லது?

பதில்: பயம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். லண்டனில் 2025 பிப்ரவரியில் ரேனர்ஸ் லேன் என்ற நிலையத்தின் நடைமேடையில் ஒரு மின்சைக்கிள் தீப்பிடித்தது. அதையடுத்து மார்ச் 31 முதல் அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் தன் ரயில்களில் மின்சைக்கிள்களைத் தடைசெய்தது. ஆனால் மடக்கு மின்சைக்கிள்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது. காரணம், பழைய சைக்கிளில் மோட்டார் பொருத்துவது பற்றிய உங்கள் கேள்வியோடு தொடர்புடையது. சாதாரண சைக்கிளில் பின்னால் மோட்டாரும் பேட்டரியும் பொருத்தி மாற்றப்பட்ட வண்டிகளே அதிக ஆபத்தானவை என்றும், மடக்கு வண்டிகள் அப்படி மாற்றப்படுவது அரிது என்றும் அவர்கள் கருதினார்கள். எவருடைய கையால் கோக்கப்பட்டது என்று தெரியாத பேட்டரியைக் குறுகிய சந்தில் மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன், பாதி விலை என்றாலும்.

சார்ஜரில் ஒரு நுட்பம் இருக்கிறது. கடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. 36 வோல்ட் பேட்டரி என்று நாம் சொல்வது முழுதாக நிறையும்போது 42 வோல்ட். 48 வோல்ட் என்பது 54.6 வோல்ட். இரண்டு சார்ஜர்களின் முனையும் சில சமயம் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பையனின் 48 வோல்ட் சார்ஜர் உங்கள் மகளின் 36 வோல்ட் பேட்டரியில் அழகாகப் பொருந்திவிடும். பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிட்டால், பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு மின்சுற்று வேலை செய்தால் பிழைத்தோம், இல்லையென்றால் இல்லை. சார்ஜரின் மேல் மகள் பெயரைச் சாயத்தால் எழுதிவையுங்கள்.

இரவு முழுவதும் எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போட வேண்டாம். மாலையில் வந்ததும் அரைமணி நேரம் ஆறவிட்டு, ஏழு மணிக்குப் போட்டால் நான்கைந்து மணி நேரத்தில், படுக்கைக்குப் போகும்முன் நிறைந்துவிடும். மெத்தை, திரைச்சீலை, பழைய செய்தித்தாள் கட்டு ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காமல், வெறும் தரையில், வாசலுக்குப் போகிற வழியை அடைக்காத இடத்தில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் வைப்பது பலருடைய பழக்கம். ஆபத்தென்று வந்தால் எல்லோரும் இறங்க வேண்டிய வழி அதுதான்.

வெயிலைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசியில் மதுரையில் 40 டிகிரி என்பது புதிதல்ல. லித்தியம் பேட்டரி அந்த வெப்பத்தில் உடனே கெட்டுவிடாது, ஆயுள்தான் குறையும். அலுவலக வாசலில் வெயிலில் நிறுத்துவதானால் பேட்டரியை மட்டுமாவது கழற்றி உள்ளே எடுத்துப் போகச் சொல்லுங்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் வண்டியை எடுப்பதில்லை என்றால் முழுச் சார்ஜில் விடாமல் பாதியளவில் விட்டுவைப்பது நல்லது. மழை இதைவிடத் தொல்லை. என் இரண்டாவது வண்டி ஒரு ஐப்பசி மழையில், மோட்டாருக்குப் போகும் கம்பியின் இணைப்பில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்து நின்றுபோயிற்று. மழையிலும் ஓட்டலாம் என்று சொல்லி விற்ற கடைக்காரர், "மழையில ஓட்டலாம் சார், தேங்குன தண்ணியில ஓட்டக் கூடாது" என்று விளக்கம் தந்தார். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்காத தெருவை நம் ஊரில் எங்கே தேடுவது என்று நான் கேட்கவில்லை. இப்போது அந்த இணைப்பின் மேல் ரப்பர் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

கேள்வி: மின்கட்டணம் எவ்வளவு ஆகும்?

பதில்: 360 வாட்-மணி பேட்டரியை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, அரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தாலும் ஒருமுறை நிரப்ப 4 ரூபாய்க்குள் முடியும். அதில் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை. கணக்குப் பார்க்க வேண்டியது சில ஆண்டுகள் கழித்து வாங்க வேண்டிய புதுப் பேட்டரியின் விலை. வண்டி வாங்கும் அன்றே அதையும் விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை மெட்ரோ வரப்போகிறது என்கிறார்களே, அப்போது இந்த வண்டியை அதில் ஏற்ற விடுவார்களா? அதுவரை காத்திருக்கலாமா? உயர் நீதிமன்றக் கிளையில் வேலை பார்க்கிறேன், திருப்பரங்குன்றத்தில் வீடு.

பதில்: சுமார் 32 கிலோமீட்டருக்கான அந்தத் திட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது, நீங்கள் ஓய்வு பெறும் தேதியையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெங்களூரு மெட்ரோவில் மடக்கு சைக்கிளை அனுமதிக்கிறார்கள். கொச்சி மெட்ரோவில் மடக்காத சைக்கிளையே ஏற்றலாம். ஆகவே நம் ஊரில் வந்தால் கேட்டுப் பெறுவதற்கு முன்மாதிரி உண்டு. இப்போதைக்கு நீங்கள் திருப்பரங்குன்றத்தில் ரயிலேறி மதுரை சந்திப்பில் இறங்கினாலும், அங்கிருந்து நீதிமன்றக் கிளைக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மிதிக்க வேண்டியிருக்கும். மாட்டுத்தாவணி வரை பேருந்தில் போய், அங்கே வைத்திருக்கும் வண்டியில் மீதி இரண்டு மூன்று கிலோமீட்டரைக் கடப்பதே உங்களுக்குச் சுலபம்.

கேள்வி: மடக்கு மின்சைக்கிள் வைத்திருக்கிறேன். பின்சக்கரம் பஞ்சரானால் எந்தக் கடையிலும் தொட மறுக்கிறார்கள். சோழவந்தானில் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டேன். என்ன செய்வது?

பதில்: மோட்டார் உள்ள சக்கரத்தைக் கழற்றினால் கம்பி அறுந்துவிடுமோ, பழி தங்கள்மேல் வருமோ என்றுதான் அவர்கள் பயப்படுகிறார்கள், அது நியாயமான பயம். சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை என்று சொல்லுங்கள். முதலில் பேட்டரியை எடுத்துவிட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் விளிம்பிலிருந்து எடுத்து, ஓட்டை இருக்கும் இடத்து டியூபை மட்டும் வெளியே இழுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கிப் பார்த்து ஒட்டிவிடலாம். பழைய இரும்பு சைக்கிள்களுக்கு நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாகச் செய்துவருகிற முறைதான் இது. டியூபையே மாற்ற வேண்டிய நிலை வந்தால் மட்டும் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். அதற்கு அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரை நீங்களே பையில் வைத்திருங்கள். கம்பி இணைப்பில் இரண்டு பக்கமும் அம்புக்குறி இருக்கும், அதை முறுக்காமல் நேராக இழுக்க வேண்டும், மாட்டும்போது இரண்டு அம்பும் நேருக்கு நேர் வர வேண்டும். முதல் தடவை கடைக்காரர் முன்னால் நீங்களே கழற்றிக் காட்டுங்கள். அச்சின் இரண்டு பக்கமும் உள்ள வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்பதைக் கழற்றும் முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுக்காமல் விட்ட அன்று ஒரு வாஷர் மிஞ்சிவிட்டது. அது இன்னும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.